இரண்டு ஆண்டுக் கெடுவும் முப்பது ஆண்டு நோயும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய அனல்மின் நிலையங்கள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. 1970-இல் உற்பத்தியைத் தொடங்கிய எண்ணூர் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. 1962-இல் தொடங்கிய நெய்வேலி முதல் அனல்மின் நிலையம் 2020-இல் நின்றது. தூத்துக்குடியிலும் மேட்டூரிலும் உள்ள 210 மெகாவாட் அலகுகளுக்கும் வயதாகிவிட்டது. இவற்றைப் பற்றிய செய்திகளில் பழைய இரும்பின் மதிப்பு வரும், நிலம் என்னவாகும் என்ற பேச்சு வரும், அடுத்து வரப்போகும் அலகின் கொள்ளளவு வரும். பாய்லரைச் சுற்றியும் நீராவிக் குழாயைச் சுற்றியும் இருந்த லேகிங்கில், அதாவது வெப்பக் காப்பு உறையில், என்ன இருந்தது, அதை ஆண்டுக்கணக்கில் கையால் பிரித்துக் கட்டியவர்களின் நுரையீரல் இன்று எப்படி இருக்கிறது என்ற கேள்வி மட்டும் வருவதில்லை.

எந்த ஒரு நிலையத்தின்மீதும் குற்றம் சுமத்த இதை எழுதவில்லை. அந்தத் தலைமுறை அனல்மின் நிலையங்கள் உலகெங்கும் கல்நாரை, அதாவது அஸ்பெஸ்டாஸை, நம்பியே கட்டப்பட்டன. 540 டிகிரி செல்சியஸ் நீராவியைத் தாங்க அன்று மலிவாகக் கிடைத்த பொருள் அதுதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கல்நார் நோய் வெளியே தெரிய 20 முதல் 40 ஆண்டுகள் ஆகும். நம் இழப்பீட்டுச் சட்டமோ இரண்டு ஆண்டுகளில் கணக்கை முடிக்கப் பார்க்கிறது. இந்த இடைவெளியில்தான் பெரும்பாலான கோரிக்கைகள் செத்துப்போகின்றன. சட்டம் இல்லாமல் அல்ல, காகிதம் இல்லாமல். நிலையம் இடிக்கப்படும்போது அந்தக் காகிதமும் பழைய தாள் விலைக்குப் போய்விடும் என்பதால் இப்போதே சொல்ல வேண்டியிருக்கிறது.

கல்நார் எங்கே இருந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். குழாய் லேகிங்கில் ‘85 சதவீத மக்னீசியா’ என்ற பழைய வகை உண்டு. அதில் மீதி 15 சதவீதம் கல்நார். பழைய கால்சியம் சிலிகேட் பாளங்களிலும் வலுவுக்காகக் கல்நார் கலந்திருந்தார்கள். டர்பைன் உறையின்மீது போர்த்திய மெத்தைகள், பாய்லர் ஆள்நுழைவுக் கதவுகளில் வைத்த கயிறு, விரிவு மூட்டுகளில் போட்ட துணி, வெல்டிங் பொறி விழாமல் விரித்த போர்வை, அட்டை போன்ற மில்போர்டு எல்லாம் இந்த வரிசையில் வரும். குழாய்கள் இணையும் ஃபிளாஞ்சு விளிம்புகளுக்கு நடுவே வெட்டிவைத்த சி.ஏ.எஃப் (அழுத்திய கல்நார்) ஷீட் கேஸ்கட், கசிவைத் தடுக்க வால்வு தண்டிலும் பம்ப் தண்டிலும் அடைத்த கிராஃபைட் பூசிய கிளாண்டு பேக்கிங், பழைய பிரேக்கர்களின் ஆர்க் சூட், கிரேன் பிரேக் லைனிங், குளிர்விப்புக் கோபுரத்தின் சிமென்ட் தகடுகள் என்று பட்டியல் நீளும். லேகிங்குக்கு வேண்டி ‘அமோசைட்’ எனும் பழுப்புக் கல்நாரை அதிகம் பயன்படுத்தினார்கள். வெள்ளைக் கல்நாரைவிட அது நுரையீரலில் நெடுங்காலம் கரையாமல் கிடக்கும்.

வெள்ளையாகப் பஞ்சுபோல் இருப்பதெல்லாம் கல்நார் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பின்னாளில் வந்தது பெரும்பாலும் ராக்வூல் எனும் பாறைப் பஞ்சு, கண்ணாடிப் பஞ்சு, செராமிக் கம்பளி. அலுமினியத் தகட்டைக் கழற்றினால் நேர்க்குழாயில் ராக்வூல் இருக்கும். அதே குழாயின் வளைவிலும் வால்வு உடலிலும் யாரும் தொடாத பழைய அடுக்கு அப்படியே ஒட்டியிருக்கலாம். கண்ணால் பார்த்து முடிவு செய்யக்கூடாது. துருவ ஒளி நுண்ணோக்கியில் மாதிரியைப் பார்த்த ஆய்வக அறிக்கை வேண்டும். ராக்வூலைக் கல்நார் என்று மனுவில் எழுதிவிட்டால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அந்த ஒரு வரியே போதும்.

தூசி பட்டது லேகிங் ஆட்களுக்கு மட்டும் என்று நினைப்பது இன்னொரு தவறு. ஆண்டுதோறும் அலகை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஓவர்ஹாலின்போது சாரத்தின் மேல்தட்டில் ஒருவர் லேகிங்கைப் பிரிப்பார். கீழ்த்தட்டில் வெல்டர், ஃபிட்டர், இன்ஸ்ட்ரூமென்ட் உதவியாளர், எலெக்ட்ரீசியன், துப்புரவுத் தொழிலாளி நிற்பார்கள். உலர்ந்த லேகிங்கை ரம்பத்தால் அறுப்பது, ஃபிளாஞ்சில் ஒட்டிப்போன கேஸ்கட்டைக் கிரைண்டரில் தேய்ப்பது அல்லது கம்பி பிரஷ்ஷால் சுரண்டுவது, தரையில் கிடப்பதைக் கம்பிரஸர் காற்றால் ஊதித் தள்ளுவது, உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவது ஆகிய நான்கும்தான் இழைகளை அதிகமாகக் காற்றில் ஏற்றுபவை. ஆபத்தான இழை 5 மைக்ரானுக்கு மேல் நீளமும் 3 மைக்ரானுக்குள் தடிமனும் கொண்டது. கண்ணுக்குத் தெரியாது, மணிக்கணக்கில் கீழே படியாது. முகத்தில் கட்டும் துண்டோ துணி முகக்கவசமோ அதற்குத் தடையே இல்லை. பி3 தரத்து வடிகட்டி கொண்ட, முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் சுவாசக் கருவிதான் தடுக்கும். தாடி இருந்தால் அதுவும் பொருந்தாது.

வேலையுடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் உதறித் துவைத்த மனைவியருக்கும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வந்தது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. நம் இழப்பீட்டுச் சட்டம் அவர்களைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. தொழிலாளி அல்லாதவர் அந்தச் சட்டத்தின்கீழ் கோர முடியாது.

நோய்கள் நான்கு வகை. நுரையீரல் தழும்பேறி விறைப்பது அஸ்பெஸ்டோசிஸ். நுரையீரல் புற்றுநோய் இரண்டாவது. நுரையீரல் உறையிலோ வயிற்று உறையிலோ வரும் மீசோதீலியோமா மூன்றாவது. உறையில் தகடுபோல் தடிப்பது நான்காவது. இந்தத் தடிப்பு தொந்தரவு தராமலே இருக்கலாம். ஆனால் கல்நார் உள்ளே போனதற்கு அது நல்ல சாட்சி. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகைக் கல்நாரையும் முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாகவே வைத்திருக்கிறது. குரல்வளை, சூலகப் புற்றுநோய்களும் அதன் பட்டியலில் உண்டு.

இங்கே அதிகம் நடக்கும் பிழை காசநோய் முத்திரை. மார்பில் நீர் கோத்து வருபவருக்கு முதலில் காசநோய் மருந்தைத் தொடங்குவார்கள். நீரை எடுத்தால் மறுபடி கோக்கும். மருந்து ஆறு மாதம் ஓடும். காசநோய் நம்மிடம் மிகுதி என்பதால் மருத்துவரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. ஆனால் அவர் ‘என்ன வேலை பார்த்தீர்கள்’ என்று கேட்காவிட்டாலும் நோயாளி தானாகச் சொல்லி, அதைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்ல வேண்டும். ‘மின்வாரியத்தில் வேலை’ என்று எழுதினால் எதற்கும் உதவாது. எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, பாய்லர் பராமரிப்பா டர்பைனா, லேகிங் பிரித்தாரா, கேஸ்கட் சுரண்டினாரா என்று இருக்க வேண்டும். பிற்பாடு விசாரணையில் இழப்பீட்டுக்காகச் சேர்த்துச் சொல்லப்பட்ட கதை என்று யாராலும் ஒதுக்க முடியாத வரி அதுவாகத்தான் இருக்கும்.

பரிசோதனையில் சாதாரண எக்ஸ்ரே மட்டும் போதாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வகைப்பாட்டின்படி அந்தப் படத்தைப் படித்து எழுதிய அறிக்கை வேண்டும். அதில் அஸ்பெஸ்டோசிஸ் ஒழுங்கற்ற சிறு நிழல்களாக, எஸ், டி, யு என்ற குறியீடுகளில், பெரும்பாலும் நுரையீரலின் அடிப்பகுதியில் வரும். கூடவே ஹெச்.ஆர்.சி.டி எனும் நுட்பமான சி.டி ஸ்கேன், மூச்சின் அளவைக் காட்டும் ஸ்பைரோமெட்ரி, வாயுப் பரிமாற்றத்தை அளக்கும் டி.எல்.சி.ஓ ஆகிய மூன்றும் வேண்டும். மீசோதீலியோமா என்றால் திசு ஆய்வும் நோயெதிர்ப்புச் சாயப் பரிசோதனையும் இல்லாமல் நிற்காது. அந்தத் திசுவைப் பதித்த மெழுகுக் கட்டியையும் சிலைடுகளையும் மருத்துவமனையிலிருந்து கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். நோயாளி இறந்த பிறகு வேறொரு நிபுணர் மறுபடி பார்க்க அது ஒன்றே மிஞ்சும். தொழில்நோய் என்று சான்றளிப்பதில் அனுபவமுள்ள பொது நிறுவனங்கள் என்று பார்த்தால் அகமதாபாத்தில் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் இருக்கிறது. அதன் தெற்கு மண்டல மையம் பெங்களூரில்.

அனல்மின் நிலையத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. அதே ஆள் நிலக்கரித் தூசியையும் சாம்பலில் உள்ள சிலிக்காவையும் சுவாசித்திருப்பார். படத்தில் இரண்டும் கலந்து தெரியும். கல்நார் என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு மனுப் போட்டால், இது சிலிக்காவால் வரும் சிலிக்கோசிஸ் என்று எதிர்த்தரப்பு சொன்னதும் வழக்கு ஆட்டம் காணும். இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை ‘சி’ பகுதியில் சிலிக்கோசிஸ், நிலக்கரி கலந்த சிலிக்கோசிஸ், அஸ்பெஸ்டோசிஸ் எல்லாம் ஒரே பதிவில்தான் இருக்கின்றன. ஆகவே ‘தழும்பேற்றும் கனிமத் தூசியால் வந்த நுரையீரல் நோய்’ என்று முதலில் எழுதிவிட்டு, அதன்கீழ் கல்நாரையும் சிலிக்காவையும் தனித்தனியே சொல்வது பாதுகாப்பு. கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் வேறு இடத்தில், ‘பி’ பகுதியில் இருக்கின்றன. அதன்கீழ் கோர ஆறு மாதத் தொடர் வேலை போதும்.

‘பீடி குடித்தவர்தானே’ என்ற வாதம் தவறாமல் வரும். புகைப்பதால் அஸ்பெஸ்டோசிஸ் வராது, மீசோதீலியோமாவும் வராது. நுரையீரல் புற்றுநோயில் மட்டும் புகையும் கல்நாரும் ஒன்றையொன்று பெருக்கும். கல்நாரின் பங்கை அது அழித்துவிடாது. கல்நார் நோய்களைத் தீர்மானிக்க 1997-இல் வகுக்கப்பட்டு 2014-இல் புதுப்பிக்கப்பட்ட ஹெல்சிங்கி அளவுகோலின்படி, மொத்தச் சுவாசிப்பு 25 ‘இழை-ஆண்டு’ ஆனால் நுரையீரல் புற்றுநோயின் வாய்ப்பு இரட்டிப்பாகும். மில்லிலிட்டருக்கு ஒரு இழை வீதம் 25 ஆண்டு என்றாலும், ஐந்து இழை வீதம் 5 ஆண்டு என்றாலும் அதே கணக்கு. மூடிய இடத்தில் உலர் லேகிங் பிரித்தவர் அந்த அளவை எட்ட முழுப் பணிக்காலமும் தேவைப்படாது.

இனிச் சட்டம். 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம்தான் இதுவரை அடிப்படையாக இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்து, இந்த விஷயமும் அதன் ஓர் அத்தியாயமாகிவிட்டது. பழைய பணிக்காலம், புதிய நோய் என்று இரண்டு பக்கமும் கால் வைக்கும் வழக்குகள் இவை. ஆதலால் மனுவில் இரண்டு சட்டங்களையும் குறிப்பிட்டுவிடுவது நல்லது.

கெடு வைப்பது 1923 சட்டத்தின் 10-வது பிரிவு. விபத்து நடந்து இரண்டு ஆண்டுக்குள் கோரிக்கை வர வேண்டும். தொழில்நோய் என்றால், நோயால் வேலைக்குப் போக முடியாமல் தொடர்ச்சியாக நின்ற முதல் நாளே விபத்து நாள். வேலையை விட்டவர் என்றால், விட்ட இரண்டு ஆண்டுக்குள் அறிகுறி தோன்றினால், அது முதலில் கண்டறியப்பட்ட நாள் விபத்து நாளாகும். இதை எழுதியவர்கள் மனத்தில் ஈயநஞ்சு போன்ற நோய்கள் இருந்திருக்க வேண்டும். 2004-இல் ஓய்வுபெற்றவருக்கு 2024-இல் மீசோதீலியோமா என்றால் இந்த வாசகத்துக்குள் அவரை எங்கே வைப்பது? பிரிட்டனில் 1980-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், பாதிப்பையும் அதன் காரணத்தையும் அறிந்துகொண்ட நாளிலிருந்து மூன்று ஆண்டு என்று கணக்கிடுகிறது. நமக்கும் அந்த ஒரு திருத்தம் போதும். அதை நாடாளுமன்றம்தான் செய்ய வேண்டும்.

அதுவரை இருக்கும் வழி, அதே 10-வது பிரிவில், கோரிக்கையை விசாரிக்கும் இழப்பீட்டு ஆணையருக்குத் தரப்பட்டுள்ள அதிகாரம். தகுந்த காரணம் இருந்தால் தாமதமான கோரிக்கையையும் அவர் ஏற்கலாம். தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவில் ‘அறியாமையால்’ என்று ஒற்றை வரி எழுதினால் எடுபடாது. நோய் முதலில் பெயர் சொல்லிக் கண்டறியப்பட்ட தேதி, அதற்குமுன் காசநோய் என்று சிகிச்சை நடந்த மாதங்கள், தொழிலுக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்று முதலில் எழுதிய மருத்துவச் சான்றின் தேதி, இவை வரிசையாக வேண்டும். கூடவே இன்னொன்றையும் வைக்கலாம். 1995 ஜனவரி 27 அன்று, நுகர்வோர் கல்வி ஆய்வு மையம் தொடுத்த கல்நார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு, அல்லது பணி முடிந்து 15 ஆண்டு, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. பணியில் இருக்கும்போதும் ஓய்வுக்குப் பிறகும் உடல்நலம் தொழிலாளியின் அடிப்படை உரிமை என்றும் சொல்கிறது. அந்தப் பதிவேட்டைப் பராமரிக்காத நிர்வாகம், ‘ஏன் இவ்வளவு தாமதம்’ என்று கேட்பது எப்படி நியாயம் என்ற கேள்வியை ஆணையர் முன் எழுப்ப வேண்டும்.

மரணக் கோரிக்கைக்கான இரண்டு ஆண்டு இறந்த நாளிலிருந்து ஓடும். உயிரோடு இருந்தபோது கோராமல் விட்டதால் குடும்பம் கோர முடியாது என்று யாரோ சொல்லக் கேட்டுப் பலர் நம்பிவிடுகிறார்கள். அப்படி இல்லை. நோய்க்கும் மரணத்துக்கும் உள்ள தொடர்பை நிரூபித்தால் போதும். இறப்புச் சான்றிதழிலும் மருத்துவமனைச் சுருக்கத்திலும் ‘மாரடைப்பு’ என்று மட்டும் முடித்துவிடாமல் அடிப்படை நோயைக் காரணமாக எழுதச் சொல்ல வேண்டும். பின்னால் திருத்துவது பெரும்பாடு.

ஒப்பந்தத் தொழிலாளிக்குத்தான் வேலைப்பதிவு மிகவும் மெலிந்திருக்கும். ஓவர்ஹாலுக்கு ஓவர்ஹால் ஒப்பந்தக்காரர் மாறியிருப்பார். சிலர் கடையையே மூடியிருப்பார்கள். இதற்குச் சட்டத்திலேயே இரண்டு பிடிகள் உண்டு. 12-வது பிரிவின்படி ஒப்பந்தக்காரரின் ஆளுக்கும் முதன்மை வேலையளிப்பவரே, அதாவது நிலைய நிர்வாகமே, இழப்பீடு கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் அவர் வசூலித்துக்கொள்ளலாம். ‘சி’ பகுதி நோய்களில், பல முதலாளிகளிடம் வேலை பார்த்திருந்தால், எல்லோரும் ஆணையர் நியாயமெனக் கருதும் விகிதத்தில் பொறுப்பு என்று 3(2ஏ) சொல்கிறது. மனுவில் எல்லாப் பெயரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டும். தமிழ்நாடு மின்வாரியம் 2010 நவம்பரில் பிரிக்கப்பட்டது. 2024-இல் மின் உற்பத்தி தனிக் கழகமாயிற்று. பழைய வாரியத்தின் பெயரிலேயே நோட்டீஸ் அனுப்பினால், அது எங்களுக்கல்ல என்று திரும்பி வரும். இன்றைய வாரிசு நிறுவனத்துக்கும், நிலையத்தின் தலைமைப் பொறியாளருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும்.

வேலை செய்ததற்கான சான்றாகப் பி.எஃப் கணக்கின் பழைய உறுப்பினர் எண் முதலில் வரும். எந்த நிறுவனக் குறியீட்டில் எந்த மாதம் பணம் கட்டப்பட்டது என்று அது காட்டும். கேட் பாஸ், ஊதியச் சீட்டு, வேலை அட்டை, பணி அனுமதிச் சீட்டில் இருக்கும் பெயர், ஒரே சாரத்தில் நின்ற இரண்டு மூன்று பேரின் உறுதிமொழிப் பத்திரம் ஆகியவை துணை. நிலையத்தில் கல்நார் இருந்ததற்கான சான்றைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், கெடு 30 நாள். ‘கல்நார் பயன்பாடு குறித்த விவரம்’ என்று பொதுவாகக் கேட்டால் ‘தகவல் இல்லை’ என்று ஒற்றை வரி வரும். இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை ஸ்டோர்ஸ் பேரேட்டில் கல்நார்க் கயிறு, மில்போர்டு, சி.ஏ.எஃப் ஷீட், கிளாண்டு பேக்கிங், லேகிங் பொருள் வாங்கிய பக்கங்களின் நகல், அந்த ஆண்டுகளின் ஓவர்ஹால் பணி ஆணைகளும் அளவுப் பட்டியலும், மனுதாரரின் ஆண்டு மருத்துவப் பரிசோதனைப் பதிவு என்று பிரித்துக் கேட்க வேண்டும். மற்றவர்களின் மருத்துவப் பதிவைக் கேட்டால் தனிநபர் தகவல் என்று மறுத்துவிடுவார்கள்; தம்முடையதை மட்டும் கேட்கலாம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் மின் உற்பத்தியை அபாயத் தொழில்களின் அட்டவணையில் வைத்திருந்தது. அதன் 41சி பிரிவு, உடல்நலப் பதிவேட்டையும் 12 மாதத்துக்கு மிகாத இடைவெளியில் பரிசோதனையையும் கட்டாயமாக்கி, பதிவேட்டைப் பார்க்கத் தொழிலாளிக்கு உரிமையும் தந்தது. விண்ணப்பத்தில் இதைச் சுட்டிக்காட்டினால் பதிலின் தொனி மாறும்.

நோட்டீஸில் சட்டமொழி தேவையில்லை. பெயர், முகவரி, நோய், அது வந்த காரணம், கண்டறிந்த தேதி ஆகியவற்றைச் சாதாரணத் தமிழில் எழுதி ஒப்புகையுடன் தபாலில் அனுப்பினால் போதும். நோட்டீஸ் கிடைத்ததும் நிர்வாகம் இலவச மருத்துவப் பரிசோதனைக்கு அழைக்கலாம். போக மறுத்தால் கோரும் உரிமை நிறுத்திவைக்கப்படும். கோபத்தில் போகாமல் இருந்து சிலர் சிக்கிக்கொள்கிறார்கள். போய்விட்டு அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குவதே சரி. பிறகு மனு, ஆணையராகச் செயல்படும் தொழிலாளர் துணை ஆணையரிடம். வேலை பார்த்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. மனுதாரர் குடியிருக்கும் பகுதியிலும் போடலாம்.

மருத்துவச் சான்றில் நுணுக்கமான ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது. ‘நுரையீரல் செயல்பாடு 40 சதவீதம் குறைவு’ என்று எழுதித் தருவார்கள். சட்டம் கேட்பது சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீத இழப்பு என்பதை. மாடிப்படி ஏற முடியாத ஃபிட்டருக்கு அந்த இழப்பு நூறாகக்கூட இருக்கலாம். தொகைக் கணக்கு இப்படி: முழு நிரந்தர இயலாமைக்கு மாதச் சம்பளத்தின் 60 சதவீதத்தை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும்; மரணத்துக்கு 50 சதவீதம். 2020 ஜனவரி 3 அறிவிக்கையின்படி சம்பளத்தில் 15,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் வராது. 60 வயதுக்குக் காரணி 117.41. ஆக முழு இயலாமைக்கு 9,000-ஐ 117.41-ஆல் பெருக்கினால் 10,56,690 ரூபாய். மரணத்துக்கு 8,80,575 ரூபாய். 65 வயதுக்கும் அதற்கு மேலும் காரணி 99.37, மரணத் தொகை 7,45,275. சம்பாதிக்கும் திறனில் இழப்பு 40 சதவீதம் என்று ஆணையர் ஏற்றால் 60 வயதுக்காரருக்குக் கிடைப்பது 4,22,676. செலவழித்த மருத்துவத் தொகையை இதற்கு மேல் தனியாகக் கோரலாம், பில் இருந்தால். கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதம் கடந்தால் 12 சதவீத வட்டி. தாமதத்துக்கு நியாயம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதம்.

வேலை பார்த்த காலத்தில் இ.எஸ்.ஐ எனும் ஊழியர் அரசுக் காப்பீட்டு எண் இருந்தவர்களுக்கு வழி வேறு. இ.எஸ்.ஐ பயனாளி அதே நோய்க்கு இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் முதலாளியிடம் கோர முடியாது. அங்கே மருத்துவ வாரியம் இழப்புச் சதவீதத்தைத் தீர்மானிக்கும். மொத்தத் தொகையாக அல்லாமல் மாதாமாதம் வரும். அதேபோல் உரிமையியல் நீதிமன்றத்தில் நஷ்டஈட்டு வழக்குப் போட்டவர் ஆணையரிடம் வர முடியாது, ஆணையரிடம் போனவர் அங்கே போக முடியாது. முதல் மனு போடும் முன்பே எந்த வாசல் என்று முடிவு செய்துவிட வேண்டும்.

இறந்தவர் வீட்டுக்கு வந்து, ஒரு தொகையைக் கொடுத்து, முத்திரைத்தாளில் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று கையெழுத்து வாங்கிப் போவது உண்டு. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. மரணத்துக்கான இழப்பீட்டை ஆணையரிடம் கட்டினால்தான் கட்டியதாகக் கணக்கு. மூன்று மாதச் சம்பளத்துக்கு மிகாத முன்பணம் தவிர, கையில் கொடுத்தது கணக்கில் வராது.

மாநில அரசால் உடனே செய்யக்கூடியவை இருக்கின்றன. ராஜஸ்தான் 2019-இல் தூசியால் வரும் நுரையீரல் நோய்களுக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. சான்று பெற்றதும் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு மேலும் 2 லட்சம், முதலாளி யார் என்று நிரூபிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நிலையங்களில் ஓய்வூதியப் பட்டியல் கையில் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயர்கள் பி.எஃப் பதிவில் இருக்கின்றன. அவர்களை அழைத்து ஆண்டுக்கொரு எக்ஸ்ரேயும் ஸ்பைரோமெட்ரியும் எடுப்பது ஒரு மின் நிலையத்தின் செலவில் பெரிய தொகை அல்ல. அனல்மின் நிலையத் தொழிலாளர்களின் உடல்நலம் குறித்த வழக்கை 2014 ஜனவரி 31 அன்று முடித்த உச்ச நீதிமன்றம், அந்தந்த உயர் நீதிமன்றங்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று அனுப்பிவைத்தது. கேட்பதற்கு இடம் இருக்கிறது, கேட்பவர்கள்தான் குறைவு. தொழிற்சங்கங்கள் போனஸுக்குக் காட்டும் வேகத்தில் பாதியை இதில் காட்டலாம்.

இடிப்பு வேலையில் உடனடியாக மாற்ற வேண்டியது ஒப்பந்த அமைப்பு. பழைய இரும்பின் எடைக்கு விலை பேசி ஏலம் விட்டால், எடுத்தவருக்கு லாபம் இரும்பிலும் செம்பிலும்தான். லேகிங் அவருக்கு வெறும் செலவு. ஆகவே உலர்ந்தபடியே கிழித்து எறிவார், மூட்டையாகக் கட்டி எங்காவது கொட்டுவார். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் அட்டவணையில் கல்நார்க் கழிவு இருப்பது அவரது கணக்கில் வராது. லேகிங் அகற்றுவதை இரும்பு ஏலத்திலிருந்து பிரித்து, சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று தனி வேலையாக, தனி ஒப்பந்தக்காரருக்கு, இடிப்புக்கு முன்பே கொடுக்க வேண்டும். முதலில் மாதிரி எடுத்து ஆய்வு, பிறகு பாலித்தீன் திரையால் அடைத்து, உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்து, நனைப்பான் கலந்த நீரால் ஊறவைத்துப் பிரிப்பது, 0.15 மில்லிமீட்டர் தடிமனுள்ள பையில் இரட்டையாகக் கட்டுவது. நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள உறிஞ்சியால் சுத்தம் செய்வது. வெளியே வந்ததும் குளிப்பு. இந்த ஒவ்வொன்றும் அளவுப் பட்டியலில் தனி வரியாக, தனிக் கட்டணத்தோடு இருக்க வேண்டும். ஆய்வறிக்கையின் நகலை அந்த நிலையத்தில் வேலை பார்த்த யார் கேட்டாலும் தர வேண்டும் என்பதையும் ஒப்பந்தப் புள்ளி அறிவிப்பிலேயே சேர்த்துவிடலாம். ஏலத்துக்கு முன்பு எடுத்த மாதிரியின் அறிக்கை கையில் இருந்தால், ‘எங்கள் நிலையத்தில் கல்நாரே இருந்ததில்லை’ என்ற பதிலுக்குப் பின்னாளில் வேறு சாட்சி தேட வேண்டியிராது.

இப்படிக்கு,
தொழிலாளர் இழப்பீட்டு விவகாரங்களைக் கவனித்துவரும் வாசகர்